டர்னர் வீட்டுப் பெண்

எங்கள் வம்சத்தில் வெள்ளைக்காரர் யாரும் கிடையாது, அடித்துச் சொல்வேன். அப்பா சேலம் பக்கம். தொண்ணூறுகளில் புனேயில், போசரி என்ற தொழிற்பேட்டைப் பகுதியில், ஒரு பட்டறையில் உலோகம் கடையும் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். அப்படியிருந்தும் பள்ளிக்கூடத்தில் என் பெயர் கவிதா டர்னர். இந்தக் கூத்துக்கு முழுப் பொறுப்பும் அம்மாவின் தம்பியான என் மாமாதான்.

என்னைப் பள்ளியில் சேர்த்த அன்று அப்பாவுக்குக் காலை ஷிப்ட். மாமாதான் அழைத்துப் போனார். அலுவலகத்திலிருந்த எழுத்தர் என் பெயரைக் கேட்டார், அப்பா பெயரைக் கேட்டார், அப்புறம் 'ஆட்நாவ்?' என்றார். அதாவது குடும்பப் பெயர். அங்கே அது இல்லாத ஆளே கிடையாது. நமக்கோ ஓர் இனிஷியலோடு கதை முடிந்தது. அப்பா பெயரையே போடச் சொன்னார் மாமா. எழுத்தர் விடுவதாக இல்லை. ஊரில் நீங்கள் எந்த ஆட்கள் என்று இந்தியில் துருவினார். மாமா, "டர்னர்னு போடுங்க சாப்" என்றார். பட்டறையில் அப்பாவின் வேலைக்குப் பெயர் அது.

அந்தப் பெயரால் நான் பட்ட பாடு கொஞ்சமா! என் நிறம் அடுப்பில் வைத்த சட்டியின் நிறம். பையன்கள் விடுவார்களா? 'மேம்சாப் வந்தாச்சு' என்று, நான் வகுப்பு வாசலுக்கு வந்ததுமே எழுந்து நின்று சலாம் போடுவார்கள்.

நான்காம் வகுப்பில் டீச்சர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். திங்கட்கிழமை ஒவ்வொருவரும் தன் குடும்பப் பெயர் வந்த கதையை எழுந்து நின்று சொல்ல வேண்டுமாம். வகுப்பில் குல்கர்ணிக்கு முன்னோர் எழுதிய ஊர்க் கணக்கு இருந்தது, பாட்டீலுக்கு ஊர்த் தலைமை இருந்தது. எனக்கு என்ன இருந்தது? வீட்டுக்கு வந்து பையை எறிந்துவிட்டு, பெயரை மாற்றாவிட்டால் பள்ளிக்கூடமே போக மாட்டேன் என்று ஒப்பாரி வைத்தேன்.

அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாள் வேலை முடிந்து வந்தவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பித்தளைப் பம்பரத்தை எடுத்தார். மிச்சம் விழுந்த துண்டில், சாப்பாட்டு நேரத்தில் கடைந்ததாம். தடவினால் விரல் வழுக்கியது.

"லேத்துல கடையறவன்தான் டர்னரு, பாப்பா. எங்கப்பா கடைஞ்சதுன்னு சொல்லு, போதும்."

திங்கட்கிழமை என் முறை வந்தது. டீச்சர் மேசைமேல் பம்பரத்தைச் சுழற்றிவிட்டு, அப்பா சொன்னதை அப்படியே இந்தியில் சொன்னேன். சிரிக்கப் போகிறார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பம்பரமோ இருந்த இடத்தை விட்டு நகராமல் அழகாகத் தூங்கியது. சலாம் போட்ட பையன்கள் முதல் ஆட்களாக மேசையை மொய்த்தார்கள்.

டீச்சர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்: இங்கிலாந்திலும் இதே கதைதான். பல நூறு வருஷம் முன்னால் மரத்தைக் கடைந்து கிண்ணம் செய்தவனை ஊர் டர்னர் என்று கூப்பிட்டது. பேரன்கள் கடைசல் பக்கமே போகாவிட்டாலும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. உங்களில் குடும்பப் பெயருக்குக் காரணமான முதல் மனிதர் இன்றைக்கும் வேலைக்குப் போய்வருவது இவள் வீட்டில் மட்டும்தான்.

அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சாயங்காலம் அப்பாவிடமும் மாமாவிடமும் ஒரு சொல் விடாமல் பீற்றிக்கொண்டேன். இதெல்லாம் தெரிந்துதான் என்னைப் பள்ளியில் சேர்த்த அன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னீர்களா என்று மாமாவைக் கேட்டேன்.

"அட போ கண்ணு! இங்கிலாந்துக் கதை எனக்கென்ன தெரியும்? அந்தாளு நம்ம சாதியைத் தோண்டுனான். நான் உங்கப்பன் வேலையைச் சொல்லிட்டு வந்தேன்."

"சாதின்னா என்ன மாமா?" என்றேன்.

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா மாமாவைப் பார்த்தார். இருவரும் ஏதோ பரிசு விழுந்தவர்கள் மாதிரி சிரித்தார்கள். அப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரியாமல் கேட்ட கேள்விக்கு ஏன் இத்தனை கொண்டாட்டம் என்று எனக்கு விளங்கவே இல்லை.