டீயில் விழுந்த பாதி மணி

பல்லக்கா என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. இருபத்து நான்கு வருடம் ஒரு பல் டாக்டரின் லேபில் பல் செட் செய்தவர். தெருவில் பாதிப் பேர் அவர் தயவில்தான் சிரித்தார்கள். மீதிப் பேர் அந்த நாளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவருக்கு ஐம்பத்தொன்று ஆனபோது டாக்டர் பல் செய்யும் மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டார். "இனிமே வீட்ல நிம்மதியா இருங்கம்மா" என்று கையில் பூங்கொத்தைக் கொடுத்து அனுப்பினார்.

நிம்மதி ஒன்பது நாள் தாங்கியது. பத்தாம் நாள் பல்லக்கா துணி துவைக்கும் அறையில் மேஜை போட்டு, கேஸ் டார்ச்சையும் ஒரு கட்டுக் கண்ணாடிக் குச்சிகளையும் கொண்டுவந்து வைத்தார். குச்சியின் நுனியைத் தீயில் காட்டினால் தேன் மாதிரி இளகும். அதைக் களிமண் பூசிய கம்பியில் சுற்றி உருட்டிக்கொண்டே இருந்தால் மணி. கை ஒரு நொடி அசந்தால் மணி ஒரு பக்கமாகத் தொங்கிவிடும்.

பல்லக்காவின் கை அசரவில்லை. அதுதான் வினை. அவர் கோத்த முதல் மாலையில் எல்லா மணியும் ஒரே அளவு, ஒரே வழவழப்பு, மஞ்சள் ஓடிய வெள்ளை.

லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் அதைத் தூக்கிப் பார்த்தார். "யார் பல்லை அடிச்சு உதிர்த்த?"

இரண்டு நாள் அவருக்குக் காபியும் இல்லை, பேச்சும் இல்லை.

"குடுக்கா, நான் போட்டுக்கறேன்" என்று தங்கச்சி அதை ஆபீசுக்குப் போட்டுப் போனாள். ஃபைலைக் காட்ட மேனேஜர் பக்கம் குனிந்தாள். ஒரு மணி 'டக்'கென்று வெடித்து, பாதி அவருடைய டீயில் விழுந்தது. அடுத்த மடக்கில் அவர் வாயில் ஏதோ தட்டுப்பட்டது. துப்பிப் பார்த்தவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, என் பல்லு."

தங்கச்சிக்கு விஷயம் புரிந்தது. ஆனால் மேனேஜரிடம் அதை எந்த வாயால் சொல்வது? பேசாமல் தனக்குத் தெரிந்த ஒரே பல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் அக்காவின் பழைய முதலாளி.

மேனேஜரின் முப்பத்திரண்டும் பத்திரமாக இருந்தன. டாக்டர் துண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, அது யார் கைவேலை என்று கண்டுபிடித்து பல்லக்காவுக்கு போன் போட்டார்.

"என்னம்மா, கண்ணாடியில பல்லு பண்றீங்களா?"

"அது மணி, டாக்டர்."

"கலர் அச்சு அசல். அந்த மெஷினுக்கு இது வரமாட்டேங்குது. திரும்பி வந்துடுங்களேன்."

பல்லக்காவுக்குக் காது குளிர்ந்தது. ஒரு நிமிடம் செருப்பைக்கூடத் தேடினார். பிறகு, "பாக்கலாம் டாக்டர், டார்ச் எரிஞ்சுட்டிருக்கு" என்று வைத்துவிட்டார். அவர் பாக்கலாம் என்றால் பார்க்க மாட்டார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மணி வெடித்ததற்கு அவசரம்தான் காரணம் என்று குச்சி விற்ற கடைக்காரர் சொன்னார். சுடச்சுட வெளியே வைக்கக் கூடாதாம். சூளையில் மெதுவாக ஆற வேண்டுமாம். கணவர் வாயைத் திறக்காமல் ஒரு வாரம் உட்கார்ந்து குட்டிச் சூளை ஒன்று செய்து கொடுத்தார். வாய் செய்த பாவத்துக்குக் கை செய்த பரிகாரம்.

பல்லக்கா வெள்ளைக் குச்சிகளை ஓரங்கட்டினார். பச்சையை எடுத்தார். வேண்டுமென்றே கையை அசரவிட்டார். வந்தது ஒரு கோணல் மணி, தொந்தியும் தொங்கலுமாக. பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இருபத்து நான்கு வருடத்தில் கோணலாக எதையும் அவர் வெளியே விட்டதில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அவருக்கு ஒரு மேஜை. கோணல் மணிகளுக்குத்தான் கிராக்கி. அந்த முதல் பச்சை மணியை மட்டும் விற்கவில்லை. கணவர் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டார். அது தவளை என்கிறார் அவர். கிளி என்கிறார் பல்லக்கா.