கஞ்சித்தொட்டி வகையறா

எங்கள் பக்கம் பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயர் போடுவதில்லை. ஆனால் சம்பந்தம் பேச வருகிறவர்கள் முதலில் கேட்பது, "நீங்க என்னா வகையறா?" என்றுதான். நாங்கள் கஞ்சித்தொட்டி வகையறா. தாது வருஷப் பஞ்சத்தில் திண்டிவனத்தில் தொட்டி கட்டிக் கஞ்சி ஊற்றியவர் எங்கள் பாட்டன் என்று அப்பா சொல்லுவார்.

2009இல் அக்கா, திண்டிவனத்தில் தன்னோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்தவரைக் கட்டிக்கொள்வதாக வீட்டில் சொன்னாள். ஒரே சாதி என்றதும் அம்மா பாதி இறங்கிவிட்டாள். அப்பா வகையறா கேட்டார். அவர்களும் கஞ்சித்தொட்டி என்று தெரிந்ததும் அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

"பங்காளி வூட்டுப் பையன்டி. ஒனக்கு அண்ணன் மொற. வெளிய சொல்லிக்கினு திரியாத."

நான் எங்கள் விழுப்புரத்திலேயே கல்லூரியில் சரித்திரம் படித்துக்கொண்டிருந்தேன். எப்போதோ செத்துப்போன ஒரு ஆளைத் தேடிப்பிடித்து, இரண்டு வீட்டுக்கும் பாட்டன் வேறு வேறு என்று காட்டிவிட்டால் அக்கா கல்யாணம் நடக்கும்! இதைவிட நல்ல வேலை எனக்கு யார் கொடுப்பார்கள்? ஞாயிற்றுக்கிழமையே வல்லம் பக்கம் எங்கள் பூர்வீக ஊருக்குப் பஸ் ஏறினேன். அப்பாவின் பெரியப்பா மல்லாட்டை உரித்து, கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அவங்க நமக்குப் பங்காளியா தாத்தா?"

"பங்காளின்னா சாவுக்குத் தீட்டு காக்கணும்டா. எங்க காலத்துல அவங்க வூட்ல எழவு வுழுந்தா, நாங்க தலைய முழுகிட்டு அன்னிக்கே சோறாக்கித் துன்னுவோம்."

"ஏன்?"

"வுட்றா. ஒங்கப்பனுக்கே தெரியாது."

நான் விடவில்லை. கடைசியில் சொன்னார். கஞ்சி ஊற்றியவர் அவர்களுடைய பாட்டன். தொட்டி ஓரத்தில் செத்துக் கிடந்த ஒருத்தியின் பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். அவனைத் தூக்கிவந்து, தன் பிள்ளைகளோடு வளர்த்து, காணி கொடுத்துக் கல்யாணமும் செய்துவைத்தார். அந்தப் பையன்தான் எங்கள் பாட்டன்.

ரத்தமே வேறு! பஸ்ஸில் இருந்தே அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் சிரித்தாள். அவள் அவரிடம் சொல்ல, அவர் சந்தோஷமாகத் தன் அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

அந்த வாரமே அவருடைய அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். பெண் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று அம்மா அவசரமாகக் காப்பி போட்டாள். அவர் டம்ளரைத் தொடவில்லை.

"பங்காளின்னு நெனச்ச வரைக்கும் ஒரு மரியாத இருந்திச்சிங்க. ஊத்துனவன் எங்காளு, ஏந்துனவன் ஒங்காளாம். எந்த சாதிக்காரி பெத்துப் போட்டாளோ, யாரு கண்டா?"

"யோவ், என்னா பேசற?" என்று அப்பா எழுந்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார். எங்களிடம் அதன் பிறகு அப்பா கஞ்சி ஊற்றிய பாட்டன் பேச்சை எடுக்கவே இல்லை.

மறுநாள் அக்காவோடு நானும் திண்டிவனம் போனேன். அக்கா கட்டிக்கொள்வதாகச் சொன்னவர் பள்ளி வாசலிலேயே நின்றிருந்தார். என்னை மச்சான் என்று கூப்பிடுகிறவர் அன்றைக்குத் தம்பி என்றார்.

"எங்கப்பா சொல்றதயும் யோசிக்கணும்ல தம்பி."

அக்கா உள்ளே போய் வகுப்பெடுத்தாள். சாயங்காலம் ரயிலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவள் கேட்டாள்.

"அந்தப் புள்ளயப் பெத்தவ எந்த ஊராம்?"

"தெரியலக்கா."

"கேட்டியா?"

நான் கேட்டிருக்கவில்லை. விழுப்புரம் வந்து பெட்டி காலியான பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. நான் அவளுடைய பையை எடுத்துக்கொண்டு நின்றேன்.