பதினான்கு குழிகள்

பள்ளிக்கூடத் தோட்டக்காரருக்கு ‘மட்டக்கோல்’ என்று பட்டப்பெயர். எதையும் அளந்து, சீவி, நேராகச் செய்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். மகளுக்குக் குழந்தை பிறந்து முப்பத்தாறு நாளாகியும் அவர் போய்ப் பார்க்கவில்லை. மதிலோரம் நட்ட பதினான்கு செம்பருத்தியில் பாதியாவது கோடையைத் தாண்டினால்தான் வேலை நிரந்தரம். விடுமுறையில் தண்ணீர் ஊற்ற வேறு ஆளில்லை. ஒரு வேளை தவறினாலும் செடி தலை தொங்கிவிடும்.

“நீங்க மகளைப் பெத்தீங்களா, செடியைப் பெத்தீங்களா?” என்றாள் மனைவி.

“வேரு பிடிச்சா நான் ஏன் இங்க நிக்கப்போறேன்?”

அன்று, பட்டுப்போயிருந்த ஒரு செடியைத் தோண்டிப் பார்த்தார். ஈரக் களிமண்ணில் மண்வெட்டியால் அவர் சீவிச்சீவி வெட்டிய குழிச்சுவர், சட்டியின் உட்புறம்போல வழவழவென்று காய்ந்திருந்தது. உள்ளே மட்டும் எருவும் மணலும் பார்த்துப் பார்த்து நிரப்பியிருந்தார். வேர்கள் சுவரைத் துளைக்க முடியாமல் குழிக்குள்ளேயே மூன்று சுற்று சுற்றியிருந்தன. மற்ற பதின்மூன்றும் இதே கைவேலைதான்.

“இப்ப என்ன செய்றது?” என்றாள் மனைவி.

“சுவரைக் கொத்தி உடைக்கணும். காஞ்ச களி, கடப்பாரைக்கே அசையாது. மழை விழணும். அதுவரைக்கும் வேளை தவறாம ஊத்தணும்.”

“அதுக்கு ரெண்டு மாசம் இருக்கே. சரி, நான் மட்டும் போறேன். தாத்தா குழியில விழுந்துட்டாருன்னு பேத்திகிட்ட சொல்லிக்கிறேன்.”

மாலைப் பேருந்துக்கு அவள் தனியாகவே நடந்தாள். பேருந்து கிளம்பும்போது அவர் மூன்றாவது செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.