ஆன்மாவுக்கு ஏன் சுருள்முடி

என் கணவர் தோட்டவெளிப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். கல்யாணமாகிச் சில வருஷங்களில், கடவுள் உலகத்தைப் படைத்த கதையைக் காவியமாகப் பாடத் தொடங்கினார். பின்னேரங்களில் வேம்படியில் கதிரையைப் போட்டு விருத்தம் விருத்தமாக எழுதுவார். எனக்குப் பாடியும் காட்டுவார். கடலும் கரையும் பிரிகிற இடம் எனக்குப் பிடித்திருந்தது. படைக்கப்பட்ட மீன்களில் சீலா, பாரை, திருக்கை எல்லாம் இருந்தன.

பிறகு ஏவாள் வந்தாள், ஈரம் சொட்டும் சுருள்முடியோடு. என் முடி நேர்முடி. அந்தப் பள்ளித் தவணையில்தான் இலுப்பைக்கடவையிலிருந்து ஒரு புது ரீச்சர் அவருடைய பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தார். அவருக்குச் சுருள்முடி.

"ஆர் இந்த ஏவாள்?" என்று கேட்டேன்.

"அது ஆளில்லை. ஆதாம் எண்டால் அறிவு, ஏவாள் எண்டால் ஆன்மா, தோட்டம் எங்கட மனசு. எல்லாம் உருவகம்."

"ஆன்மாவுக்கு என்னத்துக்குச் சுருள்முடி?"

அவர் பேனையை மூடிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார்.

அரங்கேற்றம் கோயில் மண்டபத்தில் நடந்தது. முன்வரிசையில் பங்குச் சுவாமியார், இரண்டு கதிரை தள்ளி ரீச்சர். நான் பாட்டைக் கேட்கவில்லை, ரீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏவாள் வந்ததும் ரீச்சர் தலை குனிந்து கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்தார். புழுக்கமும்தான்.

பாம்பு பேசத் தொடங்கியபோதுதான் எனக்குக் காது திறந்தது. "ஒரு வாய் தின்னுங்கோவன், ஒண்டும் செய்யாது." சோறு போடும்போது நான் அவரிடம் நாளாந்தம் சொல்வது! பின்னால் இருந்த பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும், "அப்ப நான்தான் பாம்போ?" என்றேன்.

"ஆசை காட்டிப் பேசுற வேற ஆரை எனக்குத் தெரியும்? உம்மட பேச்சு ஒண்டைத்தான் தெரியும்."

அது புகழ்ச்சியா, சமாளிப்பா? எனக்குப் பிடிபடவில்லை. அன்று சோற்றைப் போட்டுவிட்டு வாயே திறக்கவில்லை.

அடுத்த வருஷம் ரீச்சருக்கு முசலிக்கு மாற்றம் வந்தது. பயணம் சொல்ல வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். அவரைக் கண்டதும் என் கணவர், "நான் இல்லையெண்டு சொல்லும்" என்று அறைக்குள் போய்விட்டார். நானும் அப்படியே சொன்னேன். ரீச்சர் தேத்தண்ணி குடித்தார், காவியத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் போனார்.

உள்ளே போய், "ஏன் ஒளிச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

காய்ச்சல் என்றார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை.