தொப்பி போட்ட ‘ம’

பத்து மணி இடைவேளை மணி அடித்ததும் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை நியாஹராவா கறையான் புற்றின் மேல் ஏறி நிற்கிறார். மூன்றாம் வகுப்புக் கட்டடத்துக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு வளர்ந்து இறுகிப்போன புற்று அது. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இணையம் கிடைப்பது அதன் உச்சியில் மட்டும்தான். ஓரடி கீழே வந்தால் போச்சு. வலது கையில் போன், இடது கையில் செருப்பு, தலையில் ஒன்றும் கிடையாது. எங்கள் பக்கத்துப் பெண்கள் இந்த வெயிலுக்கு ஒரு துணியாவது சுற்றிக்கொள்வார்கள். இவரிடம் எத்தனை தடவை சொன்னாலும் கேட்கமாட்டார்.

“மண்டை வெடிச்சிரும் மேடம், இறங்குங்க!” என்று கீழேயிருந்து கத்துவேன்.

“இருங்க லுஹங்கா சார், தப்பு பாத்துட்டு வர்றேன்.”

தப்புப் பார்ப்பதென்றால் பிறர் குற்றம் தேடுவதில்லை. அதற்கு ஆசிரியர் அறையில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள், நானும் ஒருவன். நியாஹராவா சின்னப் பிள்ளைகளுக்காக இணையத்தில் ஓர் எழுத்து விளையாட்டு செய்து வைத்திருக்கிறார். எந்த ஆசிரியரும் இலவசமாகச் செய்யலாம், எந்தப் பிள்ளையும் இலவசமாக விளையாடலாம் என்று ஒரு தளம். அதில் ஒரு படம் வரும். கீழே எழுத்துகள் கலைந்து கிடக்கும். விரலால் இழுத்து வரிசையாக வைத்தால் சொல். சரியாக வைத்தால் “யேவோ, யேவோ” என்று நன்றி சொல்லி அவர் குரல் பாராட்டும். தப்பாக வைத்தால், “அது இல்ல கண்ணு, இன்னொரு தடவை பாரு” என்று அதே குரல். யார் எந்த விடை வைத்தார்கள் என்று செய்தவருக்குப் பட்டியல் போகும். பிள்ளைகளின் பேர் வராது. ஆளுக்கொரு மிருகம் தேர்ந்தெடுக்கவேண்டும், அந்த மிருகமும் நாடும் நேரமும் விடையும் மட்டும் தெரியும். அந்தப் பட்டியலைத்தான் தினமும் புற்றின் மேல் நின்று, முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, ஒரு வரி விடாமல் படிக்கிறார்.

“சரியா எழுதினதைப் பாக்க மாட்டீங்களா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“சரியா எழுதினது எல்லாம் ஒண்ணு போலத்தான் சார் இருக்கும். தப்புக்குத்தான் சொந்தக்காரங்க உண்டு.”

பேர் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். ‘நியா’ என்றால் இன்ன குலத்தின் மகள். இவர் ஹராவா குலத்து மகள். லோனெஸ் என்று ஒரு பேரும் உண்டு, அதை வருகைப் பதிவேட்டில்தான் பார்த்திருக்கிறேன். எங்கள் நாட்டின் வடக்கத்திப் பெண், கல்யாணமானாலும் அப்பா குலத்துப் பேரைச் சாகிறவரை விடமாட்டாள். ஆனால் அவள் பெற்ற பிள்ளை அவள் குலம் ஆகாது. மாடு கொடுத்து முடித்த கல்யாணம் என்றால் பிள்ளை அப்பன் வீட்டுச் சொத்து. வழக்கம் அப்படி. யாரும் கேள்வி கேட்பதில்லை.

நான் ஏழாம் வகுப்பு வாத்தியார். சாக்பீஸ் கட்சி. இணையத்தில் பாடம் என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குக் கொட்டாவி வரும். இவருடைய ஒன்றாம் வகுப்பில் நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள், இருப்பது ஐந்து பலகைக் கணினி. அதிலும் ஒன்று விரிசல். “இதை வெச்சு என்னத்தைக் கிழிக்கப் போறீங்க?” என்று கேட்டேன். மறுநாள் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போய், ஆளுக்கொரு எழுத்து அட்டையைக் கழுத்தில் மாட்டி, விளையாட்டைத் தரையிலேயே நடத்தினார். திரையில் எழுத்தை இழுப்பதற்குப் பதில் பிள்ளையையே கையைப் பிடித்து இழுத்துப் போய் நிறுத்தினார்கள். மாம்பழத்துக்குச் சண்டை போடுகிற கூட்டம், எழுத்துக்குச் சண்டை போட்டது. எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. என் ஏழாம் வகுப்பில் ஒருத்தன் கூட எதற்கும் சண்டை போட்டதில்லை.

குரல் பதிவு செய்வது சாமான் அறையில். கஞ்சி மாவு மூட்டைகளுக்கு நடுவே போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து பேசுவார். அப்படியும் தலைமையாசிரியர் வீட்டுச் சேவல் ஒன்று, ஆட்டுப் படத்துக்கான பதிவில் புகுந்துவிட்டது. வடக்கே கரோங்கா ஊர்ப் பக்கத்தில் ஆட்டுப் படத்தைக் காட்டினால் பிள்ளைகள் கொக்கரக்கோ என்கிறார்களாம். அழித்துவிட்டுப் புதிதாகப் பதியலாமே என்றேன்.

“பாவம், அதுவும் ஏதோ சொல்ல வந்திருக்கு. இருந்துட்டுப் போகட்டும் சார்.”

இனி தொப்பிக்கு வருகிறேன். எங்கள் டும்புகா மொழியை ஆங்கில எழுத்துகளில்தான் எழுதுகிறோம். அதில் ‘வ’ இரண்டு உண்டு. ஒன்று வெறும் ‘வ’. இன்னொன்றைச் சொல்லும்போது உதடு ஒட்டாமல் காற்று மட்டும் உரசிப் போகும், அந்த ‘வ’ தலையில் ஒரு சின்னத் தொப்பி போட்டிருக்கும். எங்கள் மொழியில் ‘பிள்ளைகள்’ என்ற சொல்லின் முதல் எழுத்து அதுதான், எழுதத் தொப்பி வேண்டும். போன் விசைகளில் அது கிடையாது. அதனால் நியாஹராவா தொப்பியைத் தனியாக வரைந்து, எழுத்துகளோடு எழுத்தாக மிதக்க விட்டிருந்தார். எந்த எழுத்தின் தலையிலும் வைக்கலாம், எந்தப் படம் வந்தாலும் ஓரத்தில் கிடக்கும். மைதானத்தில் விளையாடும்போது அதற்குப் பதில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் பேசின்.

“தொப்பியை ‘வ’ தலையிலேயே ஒட்டிருங்க மேடம். பிள்ளைங்க கண்ட இடத்துல வைக்குதுங்க” என்று எல்லாரும் சொல்லிப் பார்த்தார்கள்.

“ஒட்டிட்டா யாரு எங்க வைக்கிறாங்கன்னு எப்படித் தெரியும்?” என்பார். இது என்ன பிடிவாதம் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொண்ட விதத்தை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

போன பருவத்தில் ஒரு பயிற்சி நாள். சுற்றுவட்டாரத்து ஆசிரியர்கள் நாற்பது பேர். கல்வி அதிகாரி திருமதி முன்தாலி நியாஹராவாவின் விளையாட்டை எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பியிருந்தார், அதை எல்லாருக்கும் காட்டத்தான் கூட்டம். நான் பின் வரிசையில் உட்கார்ந்து, “இதுக்குப் பேசாம தாயம் ஆடலாம்” என்று முணுமுணுத்தது அதிகாரி காதில் விழுந்துவிட்டது.

“லுஹங்கா சார், முன்னாடி வாங்க. நீங்களே ஆடிக் காட்டுங்க.”

போனேன். ஒலிபெருக்கியில் இணைத்திருந்தார்கள். தலையில் பானை வைத்த ஒரு பெண் படம் வந்தது. சொல் ‘மாமா’. எங்கள் மொழியில் அம்மா. அதற்குத் தொப்பியே தேவையில்லை. என் விரலோ உலக்கை. ‘ம’வை இழுக்கப்போய், ஓரத்தில் கிடந்த தொப்பியை இழுத்து முதல் ‘ம’ தலையில் வைத்துவிட்டேன்.

“அது இல்ல கண்ணு” வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. வேறு குரல் வந்தது. குரல் அவருடையதுதான், ஆனால் வகுப்பில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

“வெயிலா இருக்கா கண்ணு? தொப்பி வெச்சிட்டியா, நல்ல புள்ள. நான் இங்கேயேதான் இருக்கேன். வேற எங்கயும் போகல. எங்க, இன்னொரு தடவை வெச்சுக் காட்டு.”

நாற்பது பேரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். நியாஹராவா எழுந்து வெளியே போய்விட்டார்.

தேநீர் வேளையில் அவரைத் தேடிப் போனேன். கையில் இரண்டு மண்டாசி எடுத்துப் போனேன். மாவு உருண்டை பொரித்தது, அதைத் தவிர சமாதானம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். தானாகவே பேசினார்.

“எம்பொண்ணு டொவேரா. ஆறு வயசுல சமையக்கட்டுத் தரையில சாக்பீஸால ‘மாமா’ன்னு எழுதுவா. முதல் ‘ம’ தலையில ஒரு தொப்பி. ஏண்டி அங்க வெச்சேன்னா, ‘அம்மாவுக்கு வெயில் அடிக்காதா’ம்பா. நான் வாத்தியாரம்மா ஆச்சே, சும்மா இருப்பேனா? அழிச்சுட்டுச் சரியா எழுதுன்னேன். எழுதுவா. மறுநாள் மறுபடியும் தொப்பி. ஒருநாள் கையில அடிச்சேன் சார்.”

மூன்று கிறிஸ்துமஸ்ஸுக்கு முன்னால் புருஷன் ஜோனியிலிருந்து வந்தானாம். ஜொஹானஸ்பர்க்கை நாங்கள் ஜோனி என்போம், எங்கள் ஊர் ஆண்களில் பாதி அங்கேதான் இருக்கிறார்கள். நல்ல பள்ளிக்கூடம் என்று சொல்லிப் பிள்ளையைக் கூட்டிப்போனான். அங்கே அவனுக்கு இன்னொரு குடும்பம். இரண்டு மாதத்தில் போன் எண் செத்துவிட்டது. அண்ணன்மாரிடம் போய் அழுதாராம், “மாட்டை வாங்கிக் கட்டியாச்சு, இப்ப எந்த வாயால கேக்கிறது” என்று அனுப்பிவிட்டார்கள்.

அதன் பிறகுதான் விளையாட்டு. ஜோனி பேருந்து ஏறுகிறவர்களிடம் எல்லாம் இணைப்பைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அங்கே இருக்கும் திருச்சபைப் பெண்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பினார். நம் மொழி மறந்துபோகாமல் இருக்கப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள் என்று ஒரு வரி. யாராவது ஒருத்தி, என்றாவது ஒருநாள், அந்தப் பிள்ளை கையில் போனைக் கொடுக்கமாட்டாளா?

“உங்க நம்பரைச் சொல்லிப் பதிஞ்சிருக்கலாமே?”

“நம்பர்னா அவங்கப்பன் காதுல விழும். போனைப் புடுங்கிருவான். தப்பா எழுதுற பிள்ளைக்கு டீச்சர் ஏதோ பேசுதுன்னா யாரு கண்டுக்கப் போறா?” மண்டாசியைப் பிய்த்தார், தின்னவில்லை. “இப்ப ஒம்பது வயசு. தப்பு திருந்தியிருக்கும். திருந்தியிருக்கணும். ஒரு வாத்தியாரம்மா, எம்புள்ள திருந்தக் கூடாதுன்னு தினம் வேண்டிக்கிறேன். அசிங்கமா இல்ல, சார்?”

அசிங்கம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். மிச்சமிருந்த மண்டாசியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

திருமதி முன்தாலி கெட்டவரில்லை. அவரும் நாலு பெற்றவர். நியாஹராவாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். “ஐம்பது பள்ளிக்கூடத்துக்கு இந்த இணைப்புத்தான் போயிருக்கு. தப்பா வைக்கிற பிள்ளையை நல்ல புள்ளன்னு பாராட்டி, இன்னொரு தடவை வைன்னு ஒரு பாடம் சொல்லலாமா? நீங்களே சொல்லுங்க. பருவம் முடியறதுக்குள்ள தொப்பியை ஒட்டிருங்க.” நியாயம்தான். அந்த நியாயத்தை இழுத்து வந்து வைத்தது என் விரல்.

அன்றிலிருந்து பத்து மணிக்கு நானும் புற்றுக்குப் போகிறேன். பெரிய உதவி ஒன்றுமில்லை, அவர் செருப்பை வாங்கிக் கையில் வைத்துக்கொள்வேன். அவர் பட்டியலைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார், செருப்பைத் திருப்பிக் கொடுப்பேன். ஆசிரியர் அறையில் கேலி செய்தார்கள். சாக்பீஸ் கட்சி செருப்புக் கட்சி ஆகிவிட்டதாம். போங்கடா என்று விட்டுவிட்டேன். பருவம் முடியும் வாரம் வந்தது. தொப்பியை ஒட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாள். திங்கள் ஒன்றுமில்லை. செவ்வாயும் ஒன்றுமில்லை.

புதன்கிழமை அவர் இறங்கவில்லை. இடைவேளை முடிந்து மணி அடித்தது. “மேடம்?” என்றேன். போனை என் பக்கம் நீட்டினார். அவ்வளவு தூரம் எட்டாததால், செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நானும் புற்றில் ஏறினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, போனை வாங்கிப் படித்தேன்.

தென் ஆப்பிரிக்கா. முயல். நேற்று மாலை. சொல், மாமா. தொப்பி முதல் ‘ம’ மேல். தப்பு.

அடுத்த வரி. அதே முயல், அதே தொப்பி, அதே ‘ம’. தப்பு. அடுத்ததும் தப்பு. அதற்கடுத்ததும். ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை நிமிடம் கூட இல்லை, குரல் பேசி முடிக்கிற நேரம்தான். பதினொரு வரி எண்ணினேன்.

குறும்புக்காரப் பிள்ளை எதுவோ வேடிக்கைக்கு வைத்திருக்கும் என்று என் சந்தேக புத்தி சொல்லிற்று. பன்னிரண்டாவது வரியைப் படித்தேன். முயல் அடுத்த படத்துக்குப் போயிருந்தது. ‘பிள்ளைகள்’. முதல் தடவையிலேயே தொப்பி ‘வ’ தலையில், அட்சர சுத்தமாக உட்கார்ந்திருந்தது. எங்கே வைக்கவேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் நியாஹராவா இரண்டு கைகளையும் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டார். எங்கள் ஊரில் சாவுச் செய்தி கேட்டால்தான் அப்படி வைப்பார்கள். வகுப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் மைதானத்திலேயே நின்றன, ஒன்றிரண்டு அழவே ஆரம்பித்தன. தலைமையாசிரியர் “யாரு, யாரு போயிட்டா?” என்று ஓடி வந்தார். நியாஹராவாவுக்குக் கன்னமெல்லாம் ஈரம், வாய் நிறையச் சிரிப்பு, கையை மட்டும் எடுக்கவே இல்லை. காற்றில் பறந்துவிடாமல் தொப்பியைப் பிடித்துக்கொள்கிறவர்போல அழுத்திப் பிடித்தபடி அந்த வெயிலில் நின்றார்.