அவித்த மல்லாட்டை இருந்த ஃபிளாஸ்க்

இன்று திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவித்த வேர்க்கடலை, அதாவது எங்கள் ஊர் மல்லாட்டை, வாசம் வந்ததும், நாற்கரச் சாலைக்காக இடித்துவிட்ட எங்கள் பள்ளியின் ஓட்டுக்கூரை லேபுக்குள் போய்விட்டேன். ஸ்பிரிட்டும் ஈரச் சாக்கும் மணக்கும் அங்கே, மேசைமேல் இரண்டு ஃபிளாஸ்க்குகள், ஒன்றில் முளைகட்டிய மல்லாட்டை, இன்னொன்றில் அவித்து ஆறவைத்தது, மற்றபடி எடை, பஞ்சு, தெர்மாமீட்டர் எல்லாம் ஒன்றுபோல.

மறுநாள் முளைவிட்ட ஃபிளாஸ்க்கில் சூடு ஏறியிருந்தது. அவித்தது வைத்த ஃபிளாஸ்க் காலி.

"அது செத்ததுதானே டீச்சர், சும்மா கெடக்குதேன்னு துன்னுட்டேன்," என்றாள் என் பக்கத்தில் உட்காரும் ஸ்டெல்லா. வகுப்பே சிரித்தது.

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அது இருந்தாத்தானேம்மா, இந்தச் சூடு உசுரு மூச்சு வுடறதால வந்துச்சுன்னு சொல்ல முடியும்? இப்ப எத்த வெச்சு ஒத்துப் பாக்கறது?" என்றார்.

அந்தக் கோடையில் வந்த காய்ச்சலில் ஸ்டெல்லா போய்விட்டாள். எங்களுக்கு ஒரே வயது, ஒரே பெஞ்சு, ஒரே நீல ரிப்பன். பெட்டியை மூடும் முன் அவள் கையைப் பிடித்தேன். என் கை அவ்வளவு சூடாக இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

ஒத்துப் பார்க்க அன்று இரண்டும் இருந்தன.