செனகல் சபையும் எங்கள் வாய்க்காலும்

நாற்பதைத் தாண்டிய பிறகுதான் வெளிவாரிப் பட்டப்படிப்புக்குப் பதிந்தேன். அரசியல் பாடத்துக்கு எழுதிக் கொடுக்கவேண்டிய ஒப்படைக்கு எனக்கு வாய்த்தது, மேற்கு ஆபிரிக்காவில் செனகல் நாட்டின் தேசிய சபை. "கண்டறியாத செனகல்! இஞ்சை களை பிடுங்க ஆளில்லை" என்று என் கணவர் புறுபுறுத்தார். நான் காதில் விழுத்தவில்லை.

படிக்கப் படிக்க விட மனம் வரவில்லை. பிரான்சிடமிருந்து விடுதலை பெற்று ஒரே சபையோடு தொடங்கிய நாடு. பிறகு செனட் என்ற மேலவையை உருவாக்கினார்கள், ஒழித்தார்கள், மறுபடி உருவாக்கினார்கள். பெருவெள்ளம் வந்தபோது, அந்தச் செலவு பாதிக்கப்பட்ட சனத்துக்குப் போகட்டும் என்று திரும்பவும் ஒழித்தார்கள். வெள்ளம் பார்த்தவள் நான், தனியே இருந்து கை தட்டினேன். இன்னொரு சட்டமும் இருந்தது: வேட்பாளர் பட்டியலில் ஆணும் பெண்ணும் மாறி மாறி வரவேண்டும். இல்லாவிட்டால் பட்டியலையே ஏற்கமாட்டார்கள்.

எங்கள் ஊர் விவசாயிகளின் கமக்கார அமைப்பில் ஒருவர் ஒரு பெயரைப் பிரேரிப்பார், ஒருவர் ஆமோதிப்பார். பெண்கள் கதிரையில் ஒழுங்காக இருக்குமுன் எல்லாப் பதவியும் நிரம்பிவிடும். பதவிக்கு வருபவர்கள் எல்லாரும் வாய்க்காலின் தலைப்பில் வயல் உள்ள ஆண்கள். எங்கள் வயலும் அங்கேதான். வாய்க்காலின் கடைசியில், தனியாகக் கமம் செய்யும் ஓர் அக்காவின் வயல். கோடைப் பயிர்ச்செய்கையான போன சிறுபோகத்தில் தண்ணீர் அவரிடம் எட்டவேயில்லை, பயிர் கருகிவிட்டது. "இந்த முறையும் கருகினா நான் காணியை விட்டிட்டுப் போறன்" என்றார்.

அடுத்த தெரிவுக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். "செனகலிலை மாதிரி ஆணும் பெண்ணுமா மாறி மாறிப் போடுங்கோ."

எல்லாரும் சிரித்தார்கள். "செனகல்காரருக்கு வயல் எண்டா என்னெண்டு தெரியுமோ?" என்றார் ஒருவர்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "ஓம் அண்ணை, அங்கையும் ஆத்தங்கரையிலை நெல்லுத்தான். உங்களை மாதிரித்தான், சோறும் மீனும் இல்லாட்டி சாப்பாடு இறங்காது."

சிரிப்பு அவர் பக்கம் திரும்பியது. பின்வரிசைப் பெண்கள், "மாறி மாறித்தான் போடவேணும்!" என்று பிடித்துக்கொண்டார்கள். அக்கா செயலாளர் ஆனார்.

சிறுபோகத்துக்கு அவர் வைத்த முதல் பிரேரணை, தண்ணீர் பாய்ச்சுவதைக் கடைசி வயலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது. ஐயோ! அப்படியென்றால் எங்கள் வயலுக்குக் கடைசியாகத்தான் வரும். கணவர் முழங்கையால் இடித்தார். "கையைத் தூக்காதை." எனக்கும் பயம்தான். அக்கா என் பக்கம் பார்க்கவேயில்லை, அது இன்னும் அந்தரமாயிருந்தது. கையைத் தூக்கினேன். பிரேரணை நிறைவேறியது.

தண்ணீர் திறந்த அன்று வரம்பில் நின்றேன். எங்கள் மடை பூட்டியிருக்க, தண்ணீர் எங்களைத் தாண்டிப் போனது. வயிறு எரிந்தது, மறைக்க என்ன இருக்கிறது! கணவர் பக்கத்தில் நின்று பூட்டிய மடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் அக்காவின் போன் வந்தது. "தண்ணி வந்திட்டுதடி, என்ரை வயலுக்கை வந்திட்டுது" என்றவர் அழத் தொடங்கினார். நானும் அழுதேன்.

கணவர் என் கையிலிருந்து போனை வாங்கினார். "வடிவாப் பாய்ச்சுங்கோ அக்கா. அவசரப்படாதேங்கோ, நாங்கள் பொறுப்பம்" என்றார்.